கூடுதல் ஆதாரம் கேட்டு வந்த இரண்டு கடிதங்கள்: ஓர் ஆராய்ச்சியாளருக்குப் பதில்

கேள்வி: நான் தமிழ்நாட்டில் பிறந்தவள். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். இது ஐந்தாவது ஆண்டு. குடிநீரில் கலந்துள்ள, எளிதில் சிதையாத பிஃபாஸ் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுக்கும் உறிஞ்சுபொருள்கள் பற்றியது என் ஆய்வு. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல், இபி-1ஏ (அசாதாரணத் திறமையாளர்) பிரிவில் ஒன்றும் இபி-2 என்.ஐ.டபிள்யூ. (தேச நலனுக்கான விலக்கு) பிரிவில் ஒன்றுமாக, கிரீன் கார்டுக்கான இரண்டு ஐ-140 மனுக்களை நானே போட்டேன். இரண்டுக்கும் ஆர்.எஃப்.இ., அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம், வந்துவிட்டது. இபி-1ஏ கடிதத்தில், ஆய்வுக் கட்டுரைகள் எழுதியதையும் பிறர் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்ததையும் ஒப்புக்கொள்கிறார்கள். என் பங்களிப்பு துறையில் பெரும் முக்கியத்துவம் உடையது என்பதையும், நான் முக்கியப் பொறுப்பு வகித்தேன் என்பதையும் ஏற்கவில்லை. என்.ஐ.டபிள்யூ. கடிதத்தில், தேசிய முக்கியத்துவம் நிறுவப்படவில்லை என்கிறார்கள். மனு போட்ட பிறகு வெளிவந்த இரண்டு கட்டுரைகளைச் சேர்க்கலாமா? இன்னும் ஆறேழு பேராசிரியர்களிடம் கடிதம் வாங்கலாமா? பணம் கட்டினால் விருதும் சங்க உறுப்பினர் தகுதியும் ஏற்பாடு செய்வதாக ஒரு நிறுவனம் சொல்கிறது, ஏற்கலாமா? என் கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த கனடியக் குடிமகன்; ஹெச்-4 என்ற துணைவர் விசாவில் என்னுடன் இருக்கிறார். இந்த மனுக்கள் நிராகரிக்கப்பட்டால் எல்லாம் முடிந்துவிடுமா?

பதில்:

மதிப்பிற்குரிய வாசகிக்கு,

கடைசியாகக் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தோடு தயாரிக்கப்படும் பதில்கள்தான் பெரும்பாலும் கோப்பு தடித்து வாதம் மெலிந்து போய்ச் சேர்கின்றன. ஆர்.எஃப்.இ. என்பது நிராகரிப்பு அல்ல. ஐ-140 நிராகரிக்கப்பட்டாலும் புதிதாக மனு போடத் தடை இல்லை. எத்தனை முறை என்ற வரம்பும் இல்லை. நிராகரிப்பு நாளிலிருந்து 30 நாளுக்குள், முடிவு தபாலில் அனுப்பப்பட்டிருந்தால் 33 நாளுக்குள், ஐ-290பி படிவத்தின் வழியாக மேல்முறையீடோ மறுபரிசீலனைக் கோரிக்கையோ செய்யலாம். நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு இருப்பதை ஹெச்-1பி அனுமதிக்கிறது. ஆகவே ஐ-140 நிராகரிக்கப்பட்டதாலேயே உங்கள் விசாவோ வேலையோ போய்விடாது. உண்மையான இழப்பு வேறொன்று: நிராகரிக்கப்பட்ட மனு உங்களுக்கு முன்னுரிமைத் தேதியைத் தராது. கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிப்பது அந்தத் தேதிதான் என்பதால், கையில் உள்ள இரண்டு மனுக்களில் ஒன்றையாவது காப்பாற்றுவதற்கு முழு உழைப்பையும் போடுவது நியாயம்.

எந்த ஒன்று என்பதைத் தீர்மானிக்கும் செய்தியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பினால்தான் இந்தியாவில் பிறந்தவர்கள் இபி-2 பிரிவில் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு குடியுரிமையை வைத்துப் போடப்படுவதில்லை. பிறந்த நாட்டை வைத்தே போடப்படுகிறது. அதே சட்டத்தில், கணவன் மனைவி சேர்ந்து குடியேறும்போது ஒருவர் மற்றவருடைய பிறந்த நாட்டின் கணக்கில் சேர்ந்துகொள்ளலாம் என்ற விதியும் இருக்கிறது. ஆகவே உங்கள் கணவரும் உங்களோடு சேர்ந்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தால், நீங்கள் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இலங்கையின் கணக்கில், அதாவது அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் வரிசைப் பட்டியலான விசா புல்லட்டினில் தனியாகப் பெயர் குறிப்பிடப்படாத மற்ற எல்லா நாடுகளுக்குமான பத்தியில் வருவீர்கள். அந்த வரிசை மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது என்றாலும், இந்திய வரிசையோடு ஒப்பிட்டால் மிகக் குறுகியது. அவர் கனடியக் குடிமகன் என்பது இங்கே கணக்கில் வராது.

இந்தியத் தம்பதியருக்கு நான் வழக்கமாக இபி-1ஏ மனுவையே பெரிதாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். இபி-2 கிடைத்தாலும் அவர்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். உங்கள் நிலை வேறு. உங்களுக்கு என்.ஐ.டபிள்யூ. ஒப்புதலே ஏறத்தாழ முழுப் பயனையும் தந்துவிடும். அதை நிறுவுவதற்கான சட்ட அளவுகோலும் இபி-1ஏ அளவுகோலைவிட உங்கள் சான்றுகளுக்கு நெருக்கமானது. ஆகவே முதல் உழைப்பு அங்கே போகட்டும்.

என்.ஐ.டபிள்யூ. மனுக்களுக்கு அடிப்படையாக இருப்பது, அமெரிக்கக் குடிவரவுத் துறையின் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம் 2016 டிசம்பரில் தனசார் வழக்கில் அளித்த முடிவு. அந்த மனுதாரரும் ஓர் ஆராய்ச்சியாளர்தான். வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் விண்வெளி உந்துவிசை ஆய்வு செய்துகொண்டு மாணவர்களுக்கும் கற்பித்தார். அவருடைய ஆய்வுக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றுக்கொண்டவர்கள், அவருடைய கற்பித்தலுக்கு மதிப்பு உண்டென்றாலும் அது அவர் வகுப்பைத் தாண்டி நாட்டின் அறிவியல் கல்வியைப் பரவலாகப் பாதிக்கும் என்று காட்டப்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனுதாரர் வென்ற அதே முடிவுக்குள் இந்தக் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது, உங்கள் ஆர்.எஃப்.இ. அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. நீங்கள் அனுப்பிய மனுச் சுருக்கத்தில் உங்கள் முயற்சியை, "நீர் சுத்திகரிப்பு ஆய்வைத் தொடர்ந்து, அடுத்த தலைமுறை ஆராய்ச்சியாளர்களைப் பயிற்றுவிப்பது" என்று விவரித்திருக்கிறீர்கள். அதைப் படிக்கும் அதிகாரிக்கு ஒரு ஆய்வகமும் சில மாணவர்களும் மட்டுமே தெரிவார்கள். அதன்பின் வரும் பக்கங்கள் குடிநீர் எவ்வளவு முக்கியம் என்று பேசுகின்றன; அதை யாரும் மறுக்கவில்லை. துறை முக்கியமானது என்பது போதாது, இந்த மனுதாரர் செய்யப்போகும் குறிப்பிட்ட முயற்சி முக்கியமானதா என்றே பார்க்க வேண்டும் என்பதைக் குடிவரவுத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ். 2025 ஜனவரியில் தன் கொள்கைக் கையேட்டில் மேலும் தெளிவாக்கியது.

அந்த விவரிப்பை இப்படி விரித்து எழுதலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில், பிஃபோவா, பிஃபோஸ் ஆகிய இரண்டு பிஃபாஸ் பொருள்களுக்கும் குடிநீரில் லட்சம் கோடியில் 4 பங்கு என்ற உச்ச அளவை விதித்தது. அந்த இரண்டுக்குமான அளவை வைத்துக்கொண்டு, நிறைவேற்றும் கெடுவை 2031 வரை நீட்டிக்கப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தது. ஆகவே நாடு முழுவதும் உள்ள பொதுக் குடிநீர் அமைப்புகள் இதற்கு வழி தேடியாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கின்றன. இப்போது பரவலாகப் பயன்படும் கிளர்வூட்டிய கரி, குறுஞ்சங்கிலி பிஃபாஸ் பொருள்களை நீண்டசங்கிலிப் பொருள்களைப்போல் பிடித்து வைப்பதில்லை. கரியை அடிக்கடி மாற்றும் செலவு சிறிய ஊர்களின் நீர் வழங்கலுக்குப் பெரும் பாரம். உங்கள் உறிஞ்சுபொருளோ மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பயன்படுத்தத்தக்கது என்று எழுதியிருக்கிறீர்கள். விதி, இன்றைய முறையின் குறை, உங்கள் தீர்வு என்ற இந்த மூன்றும் ஒரே பத்தியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்த வகை நீரில் சோதிப்பீர்கள், எந்த அளவில் சோதிப்பீர்கள், முடிவுகள் எந்த வழியாக மற்ற நீர் வழங்கல் அமைப்புகளுக்குப் போய்ச் சேரும் என்று அதன் கீழே எழுதுங்கள். மனுவில் முன்பே சொன்ன முயற்சியை விளக்கலாம், விரிக்கலாம். வேறொரு முயற்சியாக மாற்றிவிடக் கூடாது. எனவே முதல் மனுவில் உள்ள சொற்களிலிருந்தே தொடங்கி எழுதுங்கள்.

ஒரு நகராட்சி நீர் வழங்கல் துறையுடன் சேர்ந்து மாதிரிச் சோதனை செய்ததாக உங்கள் பட்டியலில் பதினோராவது சான்றாக ஒரு மின்னஞ்சல் இருக்கிறது. என் பார்வையில் உங்கள் கோப்பிலேயே மிக வலுவான தாள் அதுதான். அந்தத் துறையின் பொறியாளரிடமிருந்து, எந்த நாளில் எந்தக் கிணற்று நீரில் சோதனை நடந்தது, என்ன அளவு குறைந்தது, ஏன் உங்கள் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சொல்லும் ஒரு கடிதம் வாங்குங்கள். பெரிய பட்டங்கள் அவருக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆய்வகத்துக்கு வெளியே ஒருவர் உங்கள் வேலையைத் தம் தேவைக்காக எடுத்துக்கொண்டார் என்பதை அவரால் மட்டுமே சொல்ல முடியும்.

இபி-1ஏ மனுவுக்கு வருகிறேன். பத்துத் தகுதிகளில் குறைந்தது மூன்றை நிறுவ வேண்டும். உங்களுக்கு இரண்டு கிடைத்துவிட்டன. இதே நிலையில் நின்ற ஒருவரின் வழக்குதான் இன்றுவரை இந்தப் பிரிவின் ஆய்வுமுறைக்கு அடிப்படையாக இருக்கிறது. ஆர்மீனியாவிலிருந்து வந்த கோட்பாட்டு இயற்பியலாளர் கஸாரியனின் மனுவை ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 மார்ச்சில் விசாரித்து, கட்டுரைகள் எழுதியது, பிறர் பணியை மதிப்பிட்டது என்ற இரண்டு தகுதிகளையும் அவருக்கு ஒப்புக்கொண்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கால்டெக் பேராசிரியர் கிப் தார்னின் கடிதமும் அவர் கோப்பில் இருந்தது. இருந்தும் அவருடைய பங்களிப்பு துறையில் பெரும் முக்கியத்துவம் பெற்றதற்குக் கடிதங்களைத் தாண்டிய சான்று போதவில்லை. மூன்றாவது தகுதி கிடைக்காமல் தோற்றார். கடிதம் எழுதுபவர் எவ்வளவு பெரியவர் என்பது இந்த இடத்தில் கைகொடுக்காது.

ஆகவே ஆறேழு புதிய கடிதங்கள் வேண்டாம். இரண்டோ மூன்றோ போதும். உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதாதவர்களாகவும், உங்கள் முறையைத் தாமே பயன்படுத்தியவர்களாகவும் இருந்தால் மிக நல்லது. நீங்கள் அனுப்பிய ஒரு கடிதத்தில், "இவர் தம் துறையில் முன்னணியில் நிற்கும் தலைசிறந்த ஆராய்ச்சியாளர், இவருடைய பணி மிகுந்த தாக்கத்தை ஏற்படுத்தியுள்ளது" என்று இருக்கிறது. அதிகாரி இதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அதே பேராசிரியர், "எங்கள் ஆய்வகத்தில் உறிஞ்சுபொருளைப் புதுப்பிக்க முன்பு மெத்தனால் கலந்த கரைசலைப் பயன்படுத்தினோம்; இவருடைய கட்டுரையைப் பார்த்த பின் உப்புக் கரைசல் முறைக்கு மாறினோம்; அதன் விளைவாக எங்கள் அடுத்த சோதனையின் வடிவமைப்பே மாறியது" என்று எழுதினால், அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய கட்டுரையின் குறிப்பிட்ட பக்கத்தை இணைத்துவிடலாம். அப்படி நடந்திருந்தால் மட்டுமே அவர் அப்படி எழுத வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

மேற்கோள்களையும் இதே கண்ணோடு பாருங்கள். கூகுள் ஸ்காலர் பக்கத்தின் அச்சுப்படி ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் துறைக்குத் துறை, ஆண்டுக்கு ஆண்டு வேறு பொருள் தரும் என்பதால், அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளில் உங்களுடையது மேலிருந்து எத்தனையாவது விழுக்காட்டில் இருக்கிறது என்பதைக் கிளாரிவேட் போன்ற நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அதனுடன் வையுங்கள். பிறகு உங்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் திறந்து, எந்த இடத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று பிரியுங்கள். முன்னுரையில் எட்டுப் பேரோடு சேர்த்து ஓர் அடைப்புக்குள் போட்டிருந்தால் அது வெறும் குறிப்பு. செய்முறைப் பகுதியில் உங்கள் முறையைப் பின்பற்றியதாகச் சொல்லியிருந்தாலோ, முடிவுகளை உங்களுடையதோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தாலோ அது சான்று. அத்தகைய ஐந்தாறு இடங்களை எடுத்து, முழுக் கட்டுரையை இணைக்காமல் முதல் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் மட்டும் வைத்து, வாக்கியத்தை மஞ்சள் நிறத்தில் குறித்து, அருகில் இரண்டு வரி விளக்கம் கொடுத்தால், நீங்கள் அனுப்பிய முந்நூறு பக்கம் செய்யாததை அந்தப் பன்னிரண்டு பக்கம் செய்யும். சட்டம் கேட்கும் நிரூபண அளவு, பொய்யாக இருப்பதைவிட உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது மட்டும்தான்; அதே மேல்முறையீட்டு அலுவலகத்தின் 2010-ஆம் ஆண்டுச் சவாதே முடிவு அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த அளவை எட்ட, பார்த்தவுடன் புரியும் சான்று வேண்டும்.

முக்கியப் பொறுப்பு என்ற தகுதியை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. ஒரு பேராசிரியரின் நல்கையில் பணியாற்றும் ஆராய்ச்சியாளர், பல்கலைக்கழகம் முழுமைக்குமோ துறைக்குமோ இன்றியமையாதவராக இருந்தார் என்று நிறுவுவது கடினம். பலவீனமான வாதம் தன் அருகில் நிற்கும் நல்ல வாதத்தின் மீதும் ஐயத்தைக் கிளப்பும். மூன்று தகுதிகள் கிடைத்தபின் முழுக் கோப்பையும் சேர்த்து, நீங்கள் உண்மையிலேயே துறையின் உச்சியில் உள்ள மிகச் சிலருள் ஒருவரா என்று எடைபோடும் இரண்டாம் கட்டம் இருக்கிறது. அங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. பதில் அனுப்புங்கள்; ஆனால் உங்கள் நிம்மதியை இந்த மனுவின் மேல் வைக்க வேண்டாம்.

மனு போட்ட பின் வந்த இரண்டு கட்டுரைகளைப் பொறுத்தவரை, மனு தாக்கலான நாளிலேயே தகுதி இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப்பின் கிடைத்த சாதனை அந்த நாளின் தகுதியை உண்டாக்காது. ஆகவே அவற்றைத் தகுதிக்கான சான்றாக முன்வைக்க வேண்டாம். ஆய்வு தொடர்கிறது என்பதைக் காட்ட என்.ஐ.டபிள்யூ. பதிலில் ஒரு வரியில் குறிப்பிடலாம். அதே நேரத்தில், தாக்கலுக்கு முன்பே நடந்த ஒன்றை விளக்கி இன்று எழுதப்படும் கடிதத்துக்கு இந்தத் தடை இல்லை. நான் மேலே சொன்ன நகராட்சிக் கடிதம் அந்த வகையைச் சேர்ந்தது. புதிய கட்டுரைகளும் அவை பெறப்போகும் மேற்கோள்களும் தேவைப்பட்டால் அடுத்த மனுவுக்கு உதவும். என்.ஐ.டபிள்யூ. ஏற்கப்பட்டுவிட்டால் அதன் முன்னுரிமைத் தேதியை அந்த மனுவுக்கும் எடுத்துச் செல்லலாம்.

பணத்துக்கு விருதும் உறுப்பினர் தகுதியும் தருவதாகச் சொன்ன நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளாதீர்கள். தாக்கல் நாளுக்குப் பின் வாங்கியது என்பதால் இந்த மனுக்களுக்கு அது உதவவே உதவாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, பொருண்மையான ஒரு செய்தியை வேண்டுமென்றே திரித்துக் காட்டியதாக ஒருமுறை பதிவாகிவிட்டால், அது இந்த மனுவோடு முடியாது; நிரந்தரமாக நாட்டுக்குள் அனுமதிக்கத் தகாதவர் என்ற தடைவரை கொண்டுபோகும். நேர்மையாக உழைத்து நல்ல ஆய்வு செய்த பிள்ளைகள் ஒரு பதற்றத்தில் இந்த வலையில் விழுவதைப் பார்க்கையில் எனக்கு மனம் பொறுக்கவில்லை. உங்கள் கோப்பில் உண்மையான சான்று போதிய அளவு இருக்கிறது. அதன் பக்கத்தில் பொய்யை வைத்து அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வழியையும் இப்போதே திறந்து வையுங்கள். இபி-1பி என்ற சிறந்த ஆராய்ச்சியாளர் பிரிவில் உங்கள் பல்கலைக்கழகம் உங்களுக்காக மனு போடலாம். அதற்கு ஆறு தகுதிகளில் இரண்டு போதும். கட்டுரைகளும் மதிப்பாய்வும் அந்த ஆறில் உள்ளன. மூன்றாண்டு ஆய்வு அனுபவமும், முடிவு நாள் குறிக்கப்படாத, தொடரும் என்ற எதிர்பார்ப்புள்ள பணியும் வேண்டும். அங்கேயும் இரண்டாம் கட்ட எடைபோடுதல் உண்டு என்றாலும் அளவுகோல் சற்றுத் தாழ்ந்தது. உங்கள் பணி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தமாக இருந்தால், துறைத் தலைவரிடமும் பன்னாட்டு அலுவலகத்திடமும் இது பற்றிப் பேசுங்கள். ஹெச்-1பி ஆறாண்டு வரம்பை நெருங்குவதால் அவர்களோடு பேச வேறொரு காரணமும் இருக்கிறது: ஐ-140 ஏற்கப்பட்டும் வரிசையில் முறை வராமல் விசா எண் கிடைக்காத நிலையில் மூன்றாண்டு நீட்டிப்பும், மனு தாக்கலாகி 365 நாள் கடந்தும் முடிவாகாமல் இருந்தால் ஓராண்டு நீட்டிப்பும் பெற இடமுண்டு, இதற்கான நாள் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முறையில் தவறு நேர்ந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. ஆர்.எஃப்.இ. பதிலுக்கு விதிகள் தரும் உச்ச அவகாசம் 84 நாள், தபாலுக்காக 3 நாள் கூடும். உங்கள் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் நாளே கணக்கு, நீட்டிப்பு கிடையாது. அந்த நாளுக்குள் உங்கள் பதில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் போதாது. ஒரே முறைதான் பதில் அனுப்பலாம். பாதியை இப்போது அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு அனுப்ப நினைத்தால், முதலில் வந்ததை வைத்தே முடிவு செய்துவிடுவார்கள். மூல ஆர்.எஃப்.இ. தாளை மேலே வைத்து, அதிகாரி எழுப்பிய ஒவ்வொரு ஐயத்தையும் அவருடைய சொற்களிலேயே எடுத்தெழுதி, அதன் கீழ் உங்கள் பதிலையும் சான்று எண்ணையும் கொடுங்கள். இரண்டு மனுக்களுக்கும் தனித்தனி உறை; ஒன்றுக்குத் தயாரித்ததை மற்றதற்கு நகலெடுக்க வேண்டாம். ஆனால் மேற்கோள் எண்ணிக்கை, பணிக்காலம், பொறுப்பின் பெயர் ஆகியவை இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். உறையை ஒட்டுவதற்கு முன் இரண்டையும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். முழு வழக்கையும் ஒப்படைக்காமல் சரிபார்ப்பை மட்டும் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கணவரின் பிறப்புச் சான்றிதழ் இந்த ஐ-140 பதிலுக்குத் தேவைப்படாது. ஆனால் அடுத்த கட்டமான ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தில், இலங்கைக் கணக்கில் சேர்வதற்கு அதுவும் உங்கள் திருமணச் சான்றிதழும்தான் ஆதாரம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களில் மூலச் சான்றிதழ் கைவசம் இல்லாதது சகஜம். அவரிடமும் இல்லையென்றால், அங்குள்ள உறவினர் ஒருவர் மூலம் பிரதேச செயலகத்தில் சான்றிட்ட பிரதிக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தமிழில் வரும் சான்றிதழுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தம் தகுதியையும் சரித்தன்மையையும் உறுதிசெய்து கையெழுத்திட்ட குறிப்பும் சேர்க்க வேண்டும். பிரதி கையில் வந்ததும், அதில் உள்ள பெயரின் எழுத்துக்கூட்டல் அவருடைய கனடியக் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, வேறுபாடு இருந்தால் அதை விளக்கும் உறுதிமொழிப் பத்திரத்தையும் அப்போதே தயார் செய்துவிடுங்கள்.